டிஎஸ்எச் நார்மல், ஆனால் தைராய்டு குறைவு: எப்படி?

கேள்வி: என் அண்ணனுக்குப் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அதன்பிறகு எப்போதும் சோர்வு, கொஞ்சம் குளிர்ந்தாலும் நடுங்குகிறார். ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) 3.1, அதாவது நார்மல், ஃப்ரீ டி4 (ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன்) மட்டும் குறைவு. டாக்டர் "இந்த டிஎஸ்எச்சை நம்ப முடியாது, அதில் பல வடிவங்கள் உண்டு" என்று சொல்லித் தைராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். ஒரே ஹார்மோனில் பல வடிவங்களா?

பதில்: ஆமாம், உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். டிஎஸ்எச் என்பது ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு புரதத் துண்டுகள் சேர்ந்தது. இதில் ஆல்ஃபா பொதுவானது, எல்எச், எஃப்எஸ்எச், கர்ப்பகால எச்சிஜி ஆகிய ஹார்மோன்கள் எல்லாவற்றிலும் அதேதான் இருக்கிறது. தைராய்டுக்கென்றே அமைந்தது பீட்டா. இந்தப் புரதம் மாறுவதில்லை. ஆனால் அதன்மேல் ஆல்ஃபாவில் இரண்டு இடத்திலும் பீட்டாவில் ஓரிடத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், அவைதான் மாறிக்கொண்டே இருப்பவை: கிளைகள் எத்தனை, நுனியில் இருப்பது சல்பேட்டா சியாலிக் அமிலமா என்பதைப் பொறுத்து ஒரே ஆளின் பிட்யூட்டரியிலேயே பல வடிவங்கள் உருவாகின்றன. சல்பேட் நுனி உள்ளதைக் கல்லீரல் சீக்கிரம் பிடித்து அகற்றிவிடும். சியாலிக் அமிலம் அதிகமுள்ளது ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும், ஆனால் தைராய்டைத் தூண்டும் வேகம் அதற்குக் குறைவு.

சங்கிலிகள் சரியாக அமைய, மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து டிஆர்எச் என்ற தூண்டல் வர வேண்டும். அந்தப் பகுதியோ பிட்யூட்டரியோ பாதிக்கப்பட்டால் வெளிவரும் டிஎஸ்எச் வலுவில்லாததாக இருக்கலாம். 1985-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்: இப்படிப்பட்ட நோயாளிகளின் டிஎஸ்எச் தைராய்டின் ஏற்பியில் சரியாக ஒட்டவில்லை, டிஆர்எச் கொடுத்துப் பார்த்தபோது அது மேம்பட்டது. லேபில் பயன்படுத்தும் ஆன்டிபாடியோ புரதத்தைத்தான் அடையாளம் காண்கிறது, அதனால் வேலை செய்யாத டிஎஸ்எச்சும் கணக்கில் ஏறி ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்துவிடுகிறது.

ஆகவே அண்ணனுக்கு இனி மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஃப்ரீ டி4-ஐப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சிகிச்சை தொடங்கியதும் டிஎஸ்எச் அடியோடு இறங்கிவிடக்கூடும், அதைப் பார்த்து யாராவது "டோஸ் அதிகம்" என்று குறைக்கச் சொன்னால் பிட்யூட்டரி அறுவை சிகிச்சை நடந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்றை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்: மாத்திரை ஆரம்பிக்கும் முன் கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்த்தார்களா என்று கேளுங்கள். அது குறைவாக இருந்து, ஈடுசெய்யாமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: எனக்கு டிஎஸ்எச் 60-க்கு மேல், ஆனால் டி4 நார்மல், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இதுவும் அப்படித்தானா?

பதில்: இது வேறு விஷயமாக இருக்கலாம். அரிதாகச் சிலருக்கு ரத்தத்தில் டிஎஸ்எச்சோடு ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டு 'மேக்ரோ டிஎஸ்எச்' என்ற பெரிய மூலக்கூறு ஆகிவிடும். அது எளிதில் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும், தைராய்டிலோ பெரிதாக வேலை செய்யாது. மாத்திரை தொடங்கும் முன், வேறு முறையில் டிஎஸ்எச் பார்க்கவும் பிஇஜி என்ற ரசாயனம் சேர்த்துச் சோதிக்கவும் முடியுமா என்று ஹார்மோன் மருத்துவரிடம் கேளுங்கள்.