ஆவியில் வைத்த ப்ரோக்கோலி நிறம் மங்கிக் குழைந்துபோவது குறித்து

ப்ரோக்கோலியை 15 நிமிடம் ஆவியில் வைத்தால் நிறம் மங்கிக் குழைந்துவிடுகிறது, கந்தக வாடையும் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 15 நிமிடம் மிக அதிகம். தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக எழும்பிய பிறகு தட்டை உள்ளே வைத்தால், சிறு பூக்களாக நறுக்கிய ப்ரோக்கோலிக்கு 5 முதல் 6 நிமிடமே போதும்.

பச்சை மங்கிப் பழுப்பேறுவதற்குக் காரணம், நீண்ட சூட்டில் காயிலிருந்தே வெளிப்படும் அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதுதான். நீங்கள் குறிப்பிட்ட கந்தக வாடையும் அதே வேக்காட்டின் விளைவே.

4 நிமிடம் ஆனதும் தண்டின் தடித்த பகுதியில் கத்தி முனையைச் செருகிப் பாருங்கள் (பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எப்போதும் முந்திக்கொள்ளும்). முனை சற்றே தடுத்து உள்ளே இறங்கினால் உடனே எடுத்து அகலமான தட்டில் பரப்பிவிட வேண்டும். மூடிய பாத்திரத்திலேயே விட்டால், அடுப்பை அணைத்த பின்னும் அது வெந்துகொண்டே இருக்கும்.

உறையவைத்த ப்ரோக்கோலி பெரும்பாலும் முன்பே வெந்நீரில் வாட்டப்பட்டது என்பதால், அதை இன்னும் சீக்கிரமே சோதிக்கத் தொடங்குங்கள்.