செல்லைத் தராசில் வைப்பார்களா?

கேள்வி: அக்கா மகள் ஆய்வு மாணவி. செல்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, உள்ளே நடந்த மாற்றத்தை ‘எடை போட்டு’ப் பார்க்கிறாளாம். விளக்கம் கேட்டால், “கையில தட்டு இருக்கு சித்தி” என்று போனை வைத்துவிடுகிறாள். செல்லைத் தராசில் வைப்பார்களா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: செல்லை அல்ல, செல்லை உடைத்து அதிலுள்ள மூலக்கூறுகளை. கருவிக்கு நிறை நிறமாலைமானி என்று பெயர். நாங்கள் ‘மாஸ் ஸ்பெக்’ என்போம். மூலக்கூறுக்கு மின்னூட்டம் ஏற்றி வெற்றிடத்துக்குள் விரட்டி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்கும்.

கதிர் பட்டால் செல்லிலுள்ள தண்ணீர் உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற முரடன் பிறப்பான். செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அவனை அடக்கும். கொடுத்து முடித்த இரண்டு குளூட்டாதயோன்கள் சோடி சேர்ந்துகொள்ளும். தனி ஆள் 307 டால்டன் (மூலக்கூறின் நிறையைச் சொல்லும் அலகு), சோடி 612. 614 அல்லவா வரவேண்டும் என்கிறீர்களா? குறைகிற 2, ஆளுக்கொன்றாகக் கொடுத்த ஹைட்ரஜன்தான்! டிஎன்ஏ அறுந்தால் பழுதுபார்க்க வரும் பார்ப் என்ற நொதி, செல்லிலுள்ள என்ஏடி என்ற மூலக்கூறை வாரியிறைக்கும்; அதுவும் இதே கருவியில் தெரியும்.

சரி, தட்டு விஷயத்துக்கு வருகிறேன். செல் வளர்க்கும் தட்டைத்தான் சொல்கிறாள். படிக்கிற காலத்தில் செல்களுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தேன். புற்றுநோய்க்கு வழக்கமாக ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவு. மறுவாரம் பார்த்தால் 612, அதாவது சோடிகளின் அளவு, எகிறியிருந்தது. துள்ளிக் குதித்தேன். வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: “எந்தத் தட்ட முதல்ல எடுத்த?” கதிர் படாததை முதலில், பட்டதைக் கடைசியில். வரிசையைத் திருப்பிப் போட்டுச் செய்தேன். கதிரே படாத தட்டில் 612 ஏறி நின்றது! மேசையில் காத்துக் கிடந்தபோது காற்றுப் பட்டே சோடி சேர்ந்திருக்கிறது. மூன்று வாரப் பாடு வீண்.

அப்புறம் புத்தி வந்தது. தட்டு வரிசையைக் குலுக்கிப் போட்டேன். வளர்ப்பு நீரை உறிஞ்சியதும், செல்லின் வேலையை அங்கேயே நிறுத்த, மைனஸ் 80 டிகிரியில் கிடந்த 80 சதவீத மெத்தனாலை ஊற்றினேன். அதில் என்-எத்தில் மாலிமைடும் உண்டு. அது 125 டால்டன். தனியாக இருக்கும் குளூட்டாதயோனில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதால் சோடி சேர முடியாது, 432 என்று தெரியும். உறிஞ்சுவதற்கும் ஊற்றுவதற்கும் நடுவே எனக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

அந்த நேரத்தில் சித்தி போன் செய்தால் நானும் வைத்துவிடுவேன்.