அரசின் புத்தாக்கக் கொள்கையால் ஒரு மாவட்டத்தின் தொழில் உண்மையில் வளருமா? ஸ்டார்ட்அப் மையம் திறந்தால் போதுமா?

மையம் மட்டும் போதாது. ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில், எந்தத் தனி முதலாளியாலும் அவிழ்க்க முடியாத பொது முடிச்சு ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து, முதல் சோதனையில் வரக்கூடிய நட்டத்தை அரசு தாங்கிக்கொண்டால் மாவட்டமே எழுந்து நிற்கும். இதற்குத் திருப்பூர் சாயத்தொழிலை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கே உதவாமல் போனது. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. இத்தனைக்கும் சவ்வு வழியே நீரை வடிகட்டும் ஆர்.ஓ., கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கியது சரியாக ஓடவில்லை. ஏன் என்று பார்த்தால்தான் கொள்கை எங்கே கை வைக்க வேண்டும் என்பது புரியும்.

நடுத்தர நிறத்துக்குப் பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, குளியல் நீரில், அதாவது துணி மூழ்கும் சாயநீரில், லிட்டருக்கு 60 கிராம் உப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வின்ச் என்ற பழைய சாய மெஷினில் கிலோ துணிக்கு 20 லிட்டர் குளியல், உப்பு 1.2 கிலோ. குறைந்த நீரில் சாயமிடும் சாப்ட் ஃப்ளோ மெஷினில் 6 லிட்டர். உப்பு 360 கிராம். மெஷினை மாற்றினாலே உப்பு 70 சதவீதம் குறைகிறது. 1999-இல் வந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் போன்ற வட்டி மானியங்கள் உதவக்கூடிய இடம் இது. ஆனால் மீதி உப்பை என்ன செய்வது?

நாளுக்கு 10 டன் துணி சாயமிட்டால் 3.6 டன் உப்பு. அலசும் நீரையும் சேர்த்துக் கழிவுநீர் சுமார் 5 லட்சம் லிட்டர். ஆர்.ஓ. அதில் 85 சதவீதத்தை நல்ல தண்ணீராகத் திருப்பித் தரும். மிஞ்சும் 75,000 லிட்டரில்தான் அத்தனை உப்பும் உட்கார்ந்திருக்கும், லிட்டருக்கு 48 கிராம் வீதம். இதை முழுக்க ஆவியாக்க, ஒரே கட்டத்தில் 16 டன் விறகுக்கு மேல் எரிக்க வேண்டும். ஒரு கட்டத்தின் நீராவியே அடுத்ததைச் சூடாக்கும் நான்கு கட்ட எவாப்பரேட்டர் என்றாலும் 5 டன் பக்கம் ஆகும், அதுவும் தினமும். குழாய்களில் உப்புப் படிந்துவிட்டால் அந்தக் கணக்கும் தப்பும். கொள்ளளவுக்கு ஓட்ட முடியாமல் போனது இதனால்தான்.

வழி எளிமையானது: ஆவியாக்காதே, அந்த உப்புநீரையே அடுத்த சாயக் குளியலுக்குக் கொடு. ஆனால் தன் பட்டறைத் துணியைப் பணயம் வைத்து முதலில் செய்து பார்க்க யார் துணிவார்? நிறம் பிசகினால் ஏற்றுமதி ஆர்டரே போய்விடும். அரசு நுழைய வேண்டிய இடம் இதுதான், நுழையவும் செய்தது. மூடலுக்குப் பிறகு பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இதை முழு அளவில் ஓட்டிப் பார்த்தார்கள். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பக்கத்து நிலையத்துக்காரர் நேரில் வந்து, அந்த உப்புநீரில் சாயமேறிய துணியைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு எந்தக் கருத்தரங்கும் ஈடாகாது.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கச் சேர்க்கும் கார்பனேட் உப்புநீரில் மிச்சம் இருந்தால், சாயம் துணி முழுக்கப் பரவும் முன்பே பிடித்துக்கொண்டு திட்டுத் திட்டாகிவிடும். அதனால் அமிலம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே தர வேண்டும். கால்சியம், மக்னீசியம் இருந்தால் சாயம் திரிந்து படியும். பழைய நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வெளிர் நிறங்கள் மங்கும். ஆகவே முதலில் அடர் நிறங்களுக்குக் கொடுப்பது நல்லது. இதையெல்லாம் விட முக்கியம், ஒரு நிலையத்தில் சேர்ந்த எல்லாப் பட்டறைகளும் ஒரே உப்பைப் பயன்படுத்துவது. எல்லோரும் சோடியம் சல்பேட் போடும்போது ஒருவர் மட்டும் விலை குறைவு என்று சாதா உப்பைப் போட்டால், குளிரவைத்துச் சல்பேட்டைத் தனியே பிரிக்கும் வேலை கெடும். பிரியாத கலப்பு உப்பு பெருகும். புத்தாக்கம் என்றால் மெஷின் மட்டுமில்லை, இந்த ஒழுங்கும் அதில் சேர்த்தி.

உங்கள் மாவட்டத்துக்குத் திட்டம் எழுதுகிறீர்கள் என்றால், பணத்தைக் கட்டடத்தின் பேரில் விடுவிக்காதீர்கள். 40 சதவீதம் கட்டுமானத்துக்கு. மீதி, 90 நாள் தொடர்ந்து 70 சதவீதக் கொள்ளளவில் ஓடிய பிறகு, என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மூன்று ஷிப்ட் ஆபரேட்டர் சம்பளத்தையும் ஆர்.ஓ. மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) மாற்றும் செலவையும் முதல் நாளிலேயே கணக்கில் சேருங்கள். திறப்பு விழாவோடு பூட்டிக் கிடக்கும் பொது வசதி மையங்களில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இவைதான். தினசரி அளவீடுகள் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிய வேண்டும்.

விதி ஒரு ஊருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. திருப்பூரில் கெடுபிடி வந்ததும் அனுமதியில்லாத சாயவேலை அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்தது. அங்கே வேறொரு ஆறு கெட்டது. தவிர, அந்த மாதக்கணக்கான மூடலைத் தாங்க முடியாமல் போனவை சிறிய பட்டறைகளே. சோதனை ஓட்டம் நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே நடந்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். முடிச்சு இறுகும்வரை காத்திருந்து செய்யும் புத்தாக்கத்துக்குச் சிறியவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. மழை நனைத்தால் அது கரைந்து மண்ணுக்குத்தான் போகும். அதைப் பிரித்து விற்கத்தக்க உப்பாக மாற்றும் ஒரு முழு அளவுச் சோதனைக்கு அடுத்த நிதி போக வேண்டும்.