9000 வருஷக் குத்தகையும் 3000 அட்டைகளும்

சார் வணக்கம்,
அயர்லாந்து டப்ளின்ல கின்னஸ் ப்ரூவரி, அதான் பீர் ஆலை, பாத்தத பத்தி நீங்க எழுதினத படிச்சேன். 9000 வருஷத்துக்கு லீஸ் போட்டாங்கன்னு சொல்றீங்களே, அது நெசமா, இல்ல கம்பெனிக்காரங்க வெளம்பரத்துக்கு கட்டிவிட்டதா? அப்பறம் நான் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்குறேன். டி டெஸ்ட் அங்கதான் பொறந்துச்சுன்னு ஒரே வரில சொல்லிட்டு போயிட்டீங்க, பசங்க கேட்டா என்ன சொல்றது? ஒரு சாராயக் கம்பெனிய இவ்ளோ தூக்கி வச்சு பேசணுமான்னும் ஒரு உறுத்தல் இருக்கு சார்.
ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

லீஸ் நெசம்தான். 1759 டிசம்பர் 31ஆம் தேதி ஆர்தர் கின்னஸ் கையெழுத்து போட்டாரு, செயின்ட் ஜேம்ஸ் கேட்ல ஓடாம கெடந்த ப்ரூவரி, நாலு ஏக்கர், வருஷ வாடகை 45 பவுண்டு. பின்னாடி கம்பெனி நெலத்தையே வெலைக்கு வாங்கிருச்சு, அதனால இப்ப அந்த பத்திரம் கண்ணாடிக்கு கீழ பாக்குறதுக்கு மட்டும்தான்.

எனக்கு அத விட முக்கியமா படுறது தண்ணி சண்டை. லீஸ்லயே தண்ணியும் சேர்த்தின்னு ஆர்தர் நம்பிட்டு இருக்க, பேசினதுக்கு மேல எடுக்குறீங்கன்னு 1775ல டப்ளின் கார்ப்பரேஷன் வாய்க்கால மூட ஆள் அனுப்பிச்சு, மனுஷன் அங்க நின்ன ஒருத்தன் கையில இருந்த குந்தாலிய புடுங்கிட்டு, மூடினா திரும்ப தோண்டுவேன்னு நின்னுட்டாரு. 1784ல தான் முடிஞ்சுது, தண்ணிக்கு வருஷம் 10 பவுண்டுன்னு. அப்ப அங்க ஏல், போர்ட்டர்னு ரெண்டு வகை பீரும் காய்ச்சினாங்க, 1799ல ஏல மொத்தமா விட்டுட்டு கருப்பு போர்ட்டர் மட்டும்னு ஆயிட்டாங்க. இன்னைக்கு கின்னஸ்னா சொல்ற ஸ்டவுட்ங்கிறது அந்த போர்ட்டரோட ஸ்ட்ராங்கான வகைல இருந்து வந்ததுதான்.

இப்ப உங்க டி டெஸ்ட், அதாவது கொஞ்சம் அளவுகள வச்சே ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்குற வித்தியாசம் நெசமா, தற்செயலான்னு பாக்குற கணக்கு. 1890கள்ல இருந்து அந்த கம்பெனி ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ்ல படிச்ச பசங்கள ப்ரூவர் வேலைக்கு எடுக்க ஆரம்பிச்சுது, அப்படி 1899ல வந்தவருதான் வில்லியம் சீலி கோசெட், வயசு 23, கெமிஸ்ட்ரியும் கணக்கும் படிச்சவரு. அவருக்கு வந்த சிக்கல் நம்ம ஊர் விவசாயிக்கு வர்ற அதே சிக்கல். ரெண்டு ரக பார்லிய நாலு வயல்ல போட்டு பாத்தா ஒண்ணு கொஞ்சம் கூட விளையுது, அது ரகத்தோட குணமா, மண்ணோட குணமா, இல்ல சும்மா அந்த வருஷம் அப்படி அமைஞ்சதா? அன்னைக்கு இருந்த கணக்கு நூத்துக்கணக்குல அளவு இருந்தா தான் பேசும். ஆனா ஒரு போகத்துக்கு நாலஞ்சு வயல் தானே கெடைக்கும், நானூறு வயலுக்கு எங்க போறது!

1906ல லண்டன்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பெரிய ஆளா இருந்த கார்ல் பியர்சன்கிட்ட போய் உக்காந்தாரு. பியர்சன் ஆயிரக்கணக்குல அளவு வச்சு வேலை பாக்குறவரு, நாலஞ்ச வச்சு என்ன பண்றதுங்கிறது அவருக்கு பெரிய விஷயமாவே படல. கோசெட் விடல. ஏற்கனவே எடுத்து வச்சிருந்த 3000 கைதிகளோட உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் 3000 அட்டைல எழுதி, நல்லா கலைச்சு, ஒண்ணொண்ணா உருவி, நாலு நாலா பிரிச்சு, மொத்தம் 750 கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் சராசரியும், அதுல இருந்து அளவுகள் எவ்ளோ செதறுதுன்னு சொல்ற ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் போட்டு தன்னோட ஃபார்முலா சொல்றதோட ஒத்து பாத்தாரு. கம்ப்யூட்டர் இல்லாத காலம் சார், எத்தன ராத்திரி ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு சிலிர்க்குது. 1908ல பயோமெட்ரிக்கா பத்திரிகைல கட்டுரை வந்துச்சு, டி டெஸ்டுக்கு அடிப்படை அதுதான். வேலை பாக்குறவங்க சொந்தப் பேர்ல எழுதக்கூடாதுன்னு கம்பெனி ரூல், அதனால ஸ்டூடண்ட்னு போட்டுக்கிட்டாரு. உங்க பாடப் புஸ்தகத்துல ‘ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்’னு இருக்குற ஸ்டூடண்ட் அவருதான், படிக்கிற பசங்களுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமில்ல, இத மட்டும் மொதல் நாளே சொல்லிருங்க. அந்தாளு 1937ல சாகுற வரைக்கும் கின்னஸ்லயே தான் இருந்தாரு.

உங்க உறுத்தல் ஞாயமானது. குடியால வீணா போன குடும்பம் எங்க சொந்தத்துலயே உண்டு, நான் குடிக்கச் சொல்லி எழுதல. ஆனா இன்னைக்கு ஒரு மருந்து வேலை செய்யுதா, ஒரு வெத நல்லா வருதான்னு கொஞ்சம் பேர வச்சு, கொஞ்சம் வயல வச்சு சொல்ல முடியுதுன்னா அதுக்கு அந்த பார்லி வயலும் ஒரு காரணம், அத எப்படி சார் மறைக்கிறது?

ஒண்ணு செய்ங்க. உங்க க்ளாஸ் பசங்க உயரத்த அட்டைல எழுத வச்சு, கலைச்சு, நாலு நாலா எடுத்து சராசரி போடச் சொல்லுங்க. ஒவ்வொரு கட்டும் எவ்ளோ தள்ளாடுதுன்னு கரும்பலகைல அவங்களே புள்ளி வைக்கட்டும். அந்தப் படத்த ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, இங்கயே போடுறேன்.