சர்வர் சந்தேகங்கள்: 502 எங்கே பிறக்கிறது?

லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய அப்ளிகேஷன் சர்வரில் ஏறியதும் படுத்துவிடுகிறது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

கேள்வி: ஜாங்கோவில் எழுதிய அப்ளிகேஷனை உபுண்டு 24.04 சர்வரில் என்ஜின்எக்ஸ், குனிகார்ன் இரண்டையும் போட்டு ஏற்றினேன். பிரவுசரில் '502 பேட் கேட்வே' மட்டும்தான் வருகிறது. சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. (சேலம் வாசகர்)

பதில்: ரீஸ்டார்ட் செய்வதை முதலில் நிறுத்துங்கள். காரணம் லாக்கில் (சர்வர் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுதப்பட்டிருக்கும்போது, அதைப் படிக்காமல் செய்யும் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் லாக்கை நீளமாக்கும், அவ்வளவுதான்.

என்ஜின்எக்ஸ் என்பது பிரவுசரின் கோரிக்கையை முன்னால் நின்று வாங்கும் வெப் சர்வர். குனிகார்ன் பின்னால் நின்று, ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய உங்கள் அப்ளிகேஷனை ஓட்டுவது. 502 பக்கத்தின் அடியில் என்ஜின்எக்ஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டொமைன் சரியான சர்வரைக் காட்டுகிறது, ஃபயர்வால் வழிவிட்டிருக்கிறது, என்ஜின்எக்ஸும் ஓடுகிறது என்று அர்த்தம். அது பின்னாலிருக்கும் குனிகார்னிடம் கேட்டு, உருப்படியான பதில் கிடைக்காமல் திரும்பியிருக்கிறது. கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கலாம், அல்லது குனிகார்னுக்குள் இருக்கலாம்.

'/வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்' கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். அதில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். எண் 2 என்றால் சாக்கெட் கோப்பே (இரண்டும் பேசிக்கொள்ளும் இடம்) அங்கில்லை: குனிகார்ன் கிளம்பவில்லை, அல்லது என்ஜின்எக்ஸில் எழுதிய பாதையும் குனிகார்னில் எழுதிய பாதையும் வேறு வேறு. 111 என்றால் முகவரி இருக்கிறது, கேட்க ஆளில்லை. போர்ட் எண் மாறியிருக்கலாம். குனிகார்ன் செத்த பிறகு பழைய சாக்கெட் கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தாலும் இதே 111தான்.

13 என்றால் பெர்மிஷன். உபுண்டுவில் இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 21.04 பதிப்பிலிருந்து புதிய யூசரின் ஹோம் ஃபோல்டர் 750 பெர்மிஷனோடு உருவாகிறது, அதாவது வெளியாள் உள்ளே நுழைய முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற யூசரில். சாக்கெட்டை ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தால் அது வாசலிலேயே நின்றுவிடும். 21.04-க்கு முன்பு எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் இந்த இடத்தில் இடறும். 'நேம்ஐ -எல்' கட்டளைக்குச் சாக்கெட்டின் முழுப் பாதையைக் கொடுத்தால், எந்த ஃபோல்டரில் வழி அடைபட்டிருக்கிறது என்று படிப்படியாகக் காட்டும். இதற்காக 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுத் திறந்துவிடாதீர்கள். உங்கள் ரகசியச் சாவிகளும் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. உபுண்டுவில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிப்பது சிஸ்டம்டி. குனிகார்னை எப்படி ஓட்டுவது என்று அதற்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் 'ரன்டைம்டைரக்டரி=கடை' என்று ஒரு வரி சேர்த்தால் சிஸ்டம்டியே '/ரன்/கடை' ஃபோல்டரை உருவாக்கித் தரும் ('கடை' இருக்கும் இடத்தில் உங்கள் அப்ளிகேஷனின் பெயர்). சாக்கெட்டை அங்கே மாற்றி, என்ஜின்எக்ஸிலும் அதே பாதையை எழுதுங்கள்.

குனிகார்னே எழவில்லை என்றால் 'ஜர்னல்சிடிஎல் -யு குனிகார்ன் -என் 50' அடியுங்கள். 'ஸ்டேட்டஸ்=203' என்றால் சர்வீஸ் கோப்பின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் (எதை ஓட்டுவது என்று சொல்லும் வரி) உள்ள கோப்பு அங்கில்லை, அல்லது அதற்கு இயங்கும் பெர்மிஷன் இல்லை. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரி தப்பு. 217 என்றால் அந்தப் பெயரில் யூசரே கிடையாது. மூன்றும் இல்லாமல் 'மாட்யூல் நாட் ஃபவுண்டு எரர்' தெரிந்தால், லேப்டாப்பில் எப்போதோ இன்ஸ்டால் செய்த ஒரு பேக்கேஜ், தேவையானவற்றைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஏறவில்லை, அல்லது எக்ஸெக்ஸ்டார்ட் வரி விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்கு (இந்த அப்ளிகேஷனுக்கென்று பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) வெளியே உள்ள பைத்தானைக் காட்டுகிறது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் விழுகிறது என்பது இன்னொரு வகை. டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் '.பாஷ்ஆர்சி' கோப்பை சிஸ்டம்டி படிக்காது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அங்கே வைத்திருந்தால் சர்வீஸுக்கு அது கிடைக்காது. தனிக் கோப்பில் எழுதி 'என்விரான்மென்ட்ஃபைல்' வரியால் காட்டுங்கள். அந்தக் கோப்பில் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல் வரக்கூடாது, பெயர், சமக்குறி, மதிப்பு மட்டும். சர்வீஸ் கோப்பைத் திருத்தியதும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' அடித்துவிட்டுத்தான் ரீஸ்டார்ட். இல்லையென்றால் பழைய கோப்பின்படியே ஓடும்.

கடைசியில் ஒரு சோதனை. 'கர்ல் --யூனிக்ஸ்-சாக்கெட்' கட்டளையால் என்ஜின்எக்ஸை விட்டுவிட்டு நேராகச் சாக்கெட்டில் கேளுங்கள். 400 வந்தாலும் குனிகார்ன் உயிரோடு இருக்கிறது என்றே பொருள். ஜாங்கோ ஏற்கும் டொமைன்களின் பட்டியலான அலவுட் ஹோஸ்ட்ஸில், நீங்கள் கேட்ட பெயர் இல்லை, அவ்வளவே.

கேள்வி: தளம் வருகிறது, ஆனால் டிசைன் முழுக்கப் போய் வெறும் எழுத்தாகத் தெரிகிறது. (திருச்சி வாசகி)

பதில்: ஜாங்கோ செட்டிங்ஸில் டீபக் 'ஃபால்ஸ்' ஆனதும் ஜாங்கோ ஸ்டாட்டிக் கோப்புகளை (சிஎஸ்எஸ், படம் போன்றவை) தருவதை நிறுத்திவிடும். 'கலெக்ட்ஸ்டாட்டிக்' ஓட்டி, அவை சேரும் ஃபோல்டரை என்ஜின்எக்ஸில் 'ஏலியாஸ்' கொடுத்துக் காட்டுங்கள். லொகேஷன் சாய்கோட்டில் முடிந்தால் ஏலியாஸும் சாய்கோட்டில் முடியட்டும். அதன் பிறகும் வரவில்லையென்றால் அந்த சிஎஸ்எஸ் முகவரியைத் தனியாகத் திறந்து பாருங்கள். 404 என்றால் பாதை தப்பு; 403 என்றால் மேலே சொன்ன அதே ஹோம் ஃபோல்டர் விவகாரம்.

கேள்வி: போனில் எடுத்த போட்டோவை ஏற்றினால் 413 வருகிறது. பெரிய ரிப்போர்ட் எடுத்தால் சில நேரம் 502, சில நேரம் 504. (ஈரோடு வாசகர்)

பதில்: என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி மட்டுமே. 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 10எம்' என்று எழுதி, 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்துச் சரிபார்த்து, ரீலோட் செய்யுங்கள்.

ரிப்போர்ட்டுக்குக் கடிகாரத்தைப் பாருங்கள். சுமார் 30 விநாடியில் 502 விழுந்தால் குனிகார்ன் தன் வொர்க்கரை (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்) கொன்றிருக்கிறது, அதன் வழக்கமான டைம்அவுட் அதுதான். 60 விநாடியில் 504 என்றால் என்ஜின்எக்ஸ் காத்திருந்து கைவிட்டிருக்கிறது. இரண்டையும் 300 ஆக்கினால் எரர் மறையும். ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்டால் எல்லா வொர்க்கரும் அதிலேயே மாட்டி, மற்றவர்களுக்குத் தளம் திறக்காது. ரிப்போர்ட்டைப் பின்னணி வேலையாக மாற்றுவதே சரி.

கேள்வி: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றினோம். வாடிக்கையாளர்களின் தமிழ்ப் பெயர்கள் சில இடத்தில் கேள்விக்குறிகளாகவும், சில இடத்தில் புரியாத குறிகளாகவும் தெரிகின்றன. (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் ஒரே நோய் அல்ல. பேக்கப் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இவற்றை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று எண்ணிப் படித்தால் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஆகிறது, 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்' ஆகிறது. உங்கள் திரையில் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் தமிழ் பைட்டுகள் பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றன, படிக்கும் முறைதான் தப்பு.

உறுதிசெய்ய, 'அ' என்று மட்டும் இருக்க வேண்டிய ஒரு வரியில் 'லென்த்' ஃபங்ஷனை ஓட்டுங்கள். 3 வந்தால் பைட்டுகள் சரி. டேபிளில் அந்த நெடுவரிசை (காலம்) லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அதை முதலில் வெறும் பைட்டுகளாக வைக்கும் 'பிளாப்' வகைக்கு மாற்றி, பிறகு 'யுடிஎஃப்8எம்பி4' உள்ள 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றுங்கள். நடுவில் பிளாப் வருவது முக்கியம்: நேராக மாற்றினால் மைஎஸ்கியூஎல் பைட்டுகளை மொழிபெயர்க்கப் பார்த்து இன்னொரு சுற்றுக் குழப்பும். 7 வந்தால் அந்தக் குழப்பம் ஏற்கெனவே நடந்துவிட்டது. டேட்டா இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது. அப்போது பழைய சர்வரிலிருந்து மறுபடி டம்ப் (முழு டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுப்பதுதான் சுத்தமான வழி.

1 வந்தால், அங்கே நிஜமாகவே கேள்விக்குறிதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் போய்விட்டது, எந்தக் கட்டளையாலும் திரும்பாது. பழைய பேக்கப் மட்டுமே கதி. பழைய சர்வரை ஒரு மாதமாவது அணைக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: 1 ஜிபி ராம் உள்ள சர்வரில் 'என்பிஎம் ரன் பில்ட்' கொடுத்தால் 'கில்டு' என்று ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது. (கோவை வாசகி)

பதில்: மெமரி போதாமல் லினக்ஸ் கெர்னல் கொன்றிருக்கிறது. எக்சிட் கோட் 137 என்றிருந்தால் அது 128-உம் 9-உம் சேர்ந்த எண், அந்த 9தான் கொல்லும் சிக்னல். 'டிமெசேஜ்' லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' வரி இருக்கும். 2 ஜிபி ஸ்வாப் கோப்பு (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) போடுங்கள்: 'ஃபாலொகேட்' கொடுத்து உருவாக்கி, 600 பெர்மிஷன் தந்து, 'எம்கேஸ்வாப்', பிறகு 'ஸ்வாப்ஆன்'. 'எஃப்எஸ்டாப்' கோப்பில் ஒரு வரி சேர்க்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் அது இருக்காது. என்னைக் கேட்டால், பில்டை லேப்டாப்பில் முடித்து, வந்த ஃபோல்டரை மட்டும் 'ஆர்சிங்க்' மூலம் அனுப்புவேன்.

கேள்வி: தினமும் காலை 6 மணிக்கு பேக்கப் எடுக்க க்ரான் போட்டேன். 11.30-க்கு ஓடுகிறது, அப்போதும் கோப்பு உருவாவதில்லை. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். க்ரானில் 0 மணி 30 நிமிடம் என்று எழுதுங்கள். சர்வரின் டைம்ஸோனை மாற்றுவதானால், மாற்றிய பிறகு க்ரானையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கோப்பு வராததற்குக் காரணம் அநேகமாக அதன் பெயரில் நீங்கள் வைத்திருக்கும் தேதி. தேதிக்காக எழுதும் சதவீதக் குறியை க்ரான் புது வரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். டெர்மினலில் ஓடியது க்ரானில் ஓடாதது இதனால்தான். ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், அல்லது முழுக் கட்டளையையும் ஒரு ஸ்கிரிப்ட்டில் வைத்து, அதன் முழுப் பாதையை மட்டும் க்ரானில் எழுதுங்கள். நாளைக் காலை 6 மணிக்குக் கோப்பு வந்திருந்தால் அதை ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள். உள்ளே டேபிள்கள் இருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.