தோள்பட்டை இறக்கை போலத் துருத்துகிறதே?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளும்போது வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு மட்டும் இறக்கை மாதிரி முதுகிலிருந்து தூக்கிக்கொள்கிறது. கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்தவும் முடியவில்லை. ‘மூட்டு நழுவியிருக்கிறது, இழுத்து வைத்துக் கட்டினால் சரியாகும்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கட்டலாமா?
– ஒரு வாசகி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அவர் சொல்கிற அந்த இடத்தில், நழுவுவதற்கு எலும்பு மூட்டே கிடையாது. தோள்பட்டை எலும்பு 2-ஆவது விலாவிலிருந்து 7-ஆவது விலா வரை முதுகுப் பக்கம் படிந்து கிடக்கும் முக்கோணத் தகடு. தோள் உச்சியில் காறை எலும்போடு சேரும் சின்ன மூட்டு ஒன்றுதான் அதை நடு உடலோடு இணைக்கிறது. மற்றபடி அதைப் பிடிப்பதும் நகர்த்துவதும் அதில் ஒட்டியிருக்கும் 17 தசைகளின் வேலை.

உடற்கூறியல் வகுப்பில் மாணவர்களுக்கு இதை நான் கையாலேயே காட்டுவேன். முதுகின் மேலாக இருக்கும் டிரப்பீசியஸையும் அதற்கடியில் உள்ள ராம்பாய்டு தசைகளையும் விலக்கிவிட்டால், எலும்பின் உள்விளிம்பைப் புத்தக அட்டைபோலத் தூக்கலாம். உள்ளே கையை விட்டால் விலாக்கூட்டின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். விரல்களுக்கு மேலே அகலமாகப் படர்ந்திருப்பதுதான் செரேட்டஸ் ஆன்டீரியர். மேல் 8 விலாக்களிலிருந்து ரம்பப் பல் போலக் கிளம்பி, விலாக்கூட்டைச் சுற்றி வந்து, எலும்பின் உள்விளிம்பில் ஒட்டுகிறது. கீழ்ப் பற்களெல்லாம் எலும்பின் கீழ்முனையில் குவிகின்றன. எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிப்பது இந்தத் தசை. கை 180 பாகை உயர்வதில் ஏறக்குறைய 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது; அந்தச் சுழற்சியிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் மகனின் இரண்டு தொல்லைகளும் இந்த ஒரே தசையைத்தான் காட்டுகின்றன.

தசையைவிட அதன் நரம்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கழுத்தின் 5, 6, 7-ஆவது நரம்பு வேர்களிலிருந்து இறங்கி, தசையின் வெளிப்பக்கமாகவே ஓடுகிற நீளமான நரம்பு அது. போதிய மறைப்பு இல்லாததால் சீக்கிரம் அடிபடும். கனமான தோள்பையைப் பல நாள் சுமந்தானா? விலாப்பக்கம் அடி விழுந்ததா? இதற்கு முன் சில நாள் தோளில் கடுமையான வலி இருந்து, பிறகு வலி குறைந்து பலவீனம் வந்ததா? அப்படியென்றால் நரம்பு அழற்சியாகவும் இருக்கலாம். மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

கழுத்தில் அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் டிரப்பீசியஸ் தசையின் நரம்பு பாதித்திருந்தாலும் எலும்பு துருத்தும். ஆனால் அப்போது தோள் தொங்கும், கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது கோளாறு அதிகமாகத் தெரியும்.

எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். நரம்பு, தசை மின்பரிசோதனை செய்தால் பாதிப்பு எங்கே, எவ்வளவு என்று தெரியும். பலருக்குத் தானாகவே மீள்கிறது, ஆனால் மெதுவாக. 6 மாதமும் ஆகலாம், 2 வருடமும் ஆகலாம். அதுவரை பளு தூக்குவதும் தண்டால் எடுப்பதும் வேண்டாம். தோள் இறுகிவிடாமல் இருக்க, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சி மட்டும் போதும்.

போகும்போது, சட்டையில்லாமல் அவன் சுவரைத் தள்ளுவதைப் பின்னாலிருந்து கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு தோளும் ஒரே படத்தில் தெரியட்டும்.