பட்டாளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வலதுசாரிகள்தானா?

கேள்வி: ராணுவத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வலதுசாரிகளாகவே இருக்கிறார்களே, ஏன்? ஒரு முன்னாள் ராணுவ வீரராக இன்றைய அரசியலை எப்படிப் பார்க்கிறீர்கள்?

என்னை வலதுசாரி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். சாமி கும்பிடுவேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பேன். கடன் வாங்கி ஆடம்பரமாகக் கல்யாணம் நடத்துவது பிடிக்காது. போராட்டம் என்ற பெயரில் பஸ்மேல் கல் எறிகிறவனைப் பார்த்தால் கோபம்தான் வரும். இதெல்லாம் பட்டாளம் கற்றுக்கொடுத்ததா என்றால், பாதி அப்படி. மீதி கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்ததுதான். சுபேதாராக ஓய்வு பெற்று 2023இல் ஊருக்கு வந்தேன். அதனால்தான் இப்போது இதையெல்லாம் எழுத முடிகிறது.

சர்வீஸில் இருக்கும்போது முடியாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் அதன் விதிகளும் கட்சியில் சேர விடாது, அரசியல் கூட்டத்துக்குப் போக விடாது, அனுமதியில்லாமல் பத்திரிகையில் எழுத விடாது. 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். அதற்காக யாரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், சப்பாத்திக்கு வரிசையில் நிற்கும்போது எல்லாம் பேசுவோம். ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் லீவிலும் பென்ஷனிலும்தான் வந்து நிற்கும். ஒரே பதவி ஒரே பென்ஷன் 2015இல் வந்தபோது எங்கள் யூனிட்டில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எல்லாரும் ஒரே கட்சி என்று வெளியாள் நினைத்திருப்பார். அது பென்ஷன் கட்சி.

எங்களுக்கு ஓட்டு உண்டா என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். உண்டு, சர்வீஸ் வோட்டர் என்று தனிப் பட்டியல். 2014 தேர்தலின்போது நான் வட காஷ்மீரில் ஒரு போஸ்டில் இருந்தேன். அப்போதெல்லாம் வாக்குச்சீட்டு தபாலில்தான் வரும். அது நாகர்கோவிலில் கிளம்பி, எங்கெங்கோ சுற்றி யூனிட்டுக்கு வந்து, ரேஷன் சுமந்து வந்தவர் கையில் மலையேறி என்னிடம் வந்து சேர்ந்தபோது, எங்கள் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்து மத்திய அமைச்சராகவும் ஆகிவிட்டிருந்தார். கவரைப் பிரிக்கவே இல்லை.

2019இல் நிலைமை மாறியிருந்தது. வாக்குச்சீட்டு கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. கிளார்க் பின் நம்பர் போட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். டிக் போட வேண்டும், உறுதிமொழித் தாளில் கையெழுத்து, அதற்கு இன்னொருவர் சாட்சி, ஒரு கவருக்குள் இன்னொரு கவர். பசை தீர்ந்துபோய் லங்கரிலிருந்து மைதாவைக் கரைத்துக்கொண்டு வந்து ஒட்டினோம். வருவது கம்ப்யூட்டர் வழியாக என்றாலும் திரும்பிப் போவது பழையபடி தபாலில்தான். வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் போய்ச் சேராவிட்டால் எல்லாம் வீண். என்னுடையது சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது. நாட்டுப்பற்றைப் பற்றி மேடையில் முழங்குகிற எந்தக் கட்சியாவது இந்த மைதாப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

2024இல்தான் விரலில் மை வைத்து ஓட்டுப் போட்டேன். விளவங்கோடு இடைத்தேர்தலும் அதே நாளில் வந்ததால் ஏப்ரல் 19 அன்று எனக்கு இரண்டு ஓட்டு. மனைவி சிரித்தாள், "வட்டியோட கிட்டிடுச்சே" என்று. (ஓய்வு பெற்று வருகிற தம்பிகள் கவனிக்க: சர்வீஸ் பட்டியலிலிருந்து பேர் தானாக ஊர்ப் பட்டியலுக்கு வராது. படிவம் 6 கொடுக்க வேண்டும்.)

சரி, பார்வை என்ன என்றுதானே கேட்டீர்கள். என் மட்டில், நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கைவைக்காமல் விடு, மாற்றியே ஆக வேண்டுமென்றால் மெதுவாக மாற்று. இதனாலேயே 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. "அண்ணா, நீங்க அந்தப் பக்கம்லா, நீங்களே எதிர்க்குதீயளா?" என்கிறார்கள். பழைய வழக்கத்தை மதிக்கிறவன் எதிர்க்காமல் வேறு யார் எதிர்ப்பது?

நாலு வருஷம் வேலை. முடியும்போது நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக்குவார்கள், மற்றவர்கள் 11 லட்சத்துச் சொச்சம் ரூபாயோடு வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. அரசு சொல்லும் காரணங்களில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் செலவு மலைபோல ஏறுகிறது, மலையில் சண்டை போட இளவயசு ஆட்கள் வேண்டும். ஆனால் பட்டாளத்தில் ஒருவன் ஆளாவது எப்படி என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்த பையன் ராத்திரி சென்ட்ரி காவலில் தூங்கிவிடுவான். பக்கத்து ஹவில்தார் அவனை எழுப்பித் திட்டுவார், அடுத்த நாள் கம்பெனி கமாண்டரிடம் காட்டிக்கொடுக்க மாட்டார். பத்து வருஷம் கழித்து அவனே ஹவில்தாராகி இன்னொரு பையனை எழுப்புவான். நாம், நமக், நிஷான் என்று வடக்கே சொல்வார்கள்: ரெஜிமென்ட்டின் பேர், தின்ற உப்பு, கொடி. நாலாவது வருஷம் தன் பேர் அந்த 25இல் வருமா என்று கணக்குப் போடுகிறவன், பக்கத்திலிருப்பவனைத் தோழனாகப் பார்ப்பானா, போட்டியாகப் பார்ப்பானா? முதல் அணிக்கே நாலு வருஷம் முடிவது 2026 கடைசியில்தான். பார்ப்போம்.

மதராஸ் ரெஜிமென்ட்டில் 9ஆம் பட்டாலியன் பேரோடு இன்றும் திருவிதாங்கூர் என்று ஒட்டியிருக்கிறது. 1704இல் பத்மநாபபுரத்தில் தொடங்கிய படை அது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த படையின் வாரிசு. இப்படி முந்நூறு வருஷமாக ஒரு பேரைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டு வருவதை ஒரு செலவுக் கணக்காகப் பார்க்க என்னால் முடியவில்லை. குளச்சல் வெற்றித்தூணைத் தாண்டி மீன் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்களோ, அது வேறு கதை.

அப்புறம் டிவி. 2025 மே மாதம், பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ராத்திரி முழுக்க வடக்கத்திச் சேனல்கள் கராச்சித் துறைமுகம் தீப்பிடித்தது, அந்த நகரம் விழுந்தது, இந்த நகரம் விழுந்தது என்று அலறின. ஒன்றும் நடந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "கராச்சி போச்சுன்னு சொல்லுதாவ, உள்ளதா தம்பி?" என்றார். என் சகோதரி மகன் அப்போது ராஜஸ்தான் எல்லையில். அவன் போன் ரெண்டு நாளாக அணைந்து கிடந்தது. அதை வைத்துத்தான் உண்மையாகவே ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டூடியோவில் சைரன் சத்தம் போட்டுக் காட்டுகிறவர்களைத் தேசபக்தர்கள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எந்தக் கட்சிக்கு வேண்டியவர்களாக இருந்தாலும் சரி.

எங்கள் மாவட்டத்தில் இன்னும் சூடாகப் பேசப்பட்டது வேறொன்று. ரெஜிமென்ட் கோவில் கருவறைக்குள் நுழைய மறுத்த ஒரு கிறிஸ்தவ லெப்டினன்ட்டை 2021இல் பென்ஷன் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அது சரியே என்றன. 2011 கணக்குப்படி இந்துக்கள் 48 சதவீதத்துக்கு மேல், கிறிஸ்தவர்கள் 46 சதவீதத்துக்கு மேல் இருக்கிற மாவட்டம் இது. மார்த்தாண்டம் சாயாக்கடையில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் தீர்ப்பின் பக்கம். ஜவான்கள் நிற்கிற இடத்தில் ஆபீசர் நிற்க வேண்டும். எங்கள் யூனிட்டில் வள்ளவிளைக்காரர் ஒருவர், ஞாயிறு தவறாத கத்தோலிக்கர், ஆரத்தித் தட்டு வந்தால் வாங்கி அடுத்தவரிடம் நகர்த்திவிட்டுப் பேசாமல் நிற்பார். கிறிஸ்துமஸுக்கு கேரல் பாட கூர்க்காவையும் இழுத்துப் போவார். அவர் மனசில் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அந்த லெப்டினன்ட் வாசல்வரை வந்து நின்றேன் என்றார், எல்லா மதத்துக்குமான சர்வ தர்ம ஸ்தலம் தன் யூனிட்டில் இல்லை என்றார். தண்டனையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று ஒரு கிறிஸ்தவ நண்பர் சொன்னபோது, அதை மறுக்க எனக்கு நாக்கு வரவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. இந்த வழக்கை வைத்து "உங்க ஆளு, எங்க ஆளு" என்று வாட்ஸாப்பில் பொறி வைக்கிற இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் எங்கள் சுபேதார் மேஜரிடம் ஒரு வாரம் விட்டால் போதும்.

இலவசங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை எதிர்த்துப் பேச ஆரம்பித்தால் சலுகை விலையில் சாமான் வாங்கும் மிலிட்டரி கேன்டீன் கார்டு பையிலிருந்து இடிக்கிறது.

ஊர் விஷயத்தில் நான் எந்தச் சாரி என்று எனக்கே தெரியவில்லை. மலையை உடைத்துக் கல்லைக் கேரளத்துக்கு ஏற்றிப் போகும் லாரிகள் களியக்காவிளை வழியாக ராத்திரி பகல் ஓடுகின்றன. நாலுவழிச்சாலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. அதற்காகக் குளங்களில் மண் விழுந்தது. மலையையும் குளத்தையும் காக்க வேண்டும் என்று நான் பேசினால் "என்ன அண்ணா, கம்யூனிஸ்ட் ஆயாச்சா?" என்று சிரிக்கிறார்கள். தாத்தா விட்டுப்போனதை அப்படியே பேரனுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பது எப்போதிலிருந்து இடதுசாரி ஆனது? இனி ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுப் படி ஏறுகிறவரிடம் பாகிஸ்தானைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. அதைப் பார்த்துக்கொள்ள என் மருமகன் இருக்கிறான். லாரியைப் பற்றித்தான் கேட்பேன்.